வேறு துறையில் பட்டம் பெற்றவர்கள் தென்னாப்பிரிக்காவில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிப்பது எப்படி

பி.ஏ. முடித்துவிட்டு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர், பி.காம். முடித்து டர்பனில் கணக்கு எழுதுபவர், தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ வேதியியல் படித்துவிட்டு வேலைக்காகவோ கல்யாணமாகியோ இங்கே வந்து சேர்ந்தவர். இவர்களில் யார் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பக்கம் திரும்ப நினைத்தாலும் தென்னாப்பிரிக்காவில் வழி இருக்கிறது. புரோகிராமிங் தெரியாதது பெரிய தடையில்லை, அதை வகுப்பில் சொல்லித் தருவார்கள். தடை வருவது தவறான படிப்புக்கு விண்ணப்பிப்பதாலும், ஒரு காகிதம் குறைவதாலும், தேதி தவறுவதாலும்தான். இந்த மூன்றில் எது நடந்தாலும் போவது ஒரு முழு ஆண்டு. அதனால் இங்கே பாடத்தைவிடக் காகிதத்துக்கும் காசுக்கும் காலத்துக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறது.

1. எந்த வாசல் உங்களுக்கு என்று முடிவு செய்யுங்கள்

முதலில் துறையைப் பிரித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பெரும்பாலும் அறிவியல் புலத்தில் இருக்கும், கணிதம் நிறையக் கேட்கும். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் (இனி ஐ.எஸ்.) பல இடங்களில் வணிகப் புலத்தில் இருக்கும். ஒரு நிறுவனத்தின் வேலை எப்படி நடக்கிறது, அதற்கு எந்த மென்பொருள், எந்தத் தரவுத்தளம் தேவை, அதை யார் எப்படிக் கட்டி நடத்துவது என்பது அதன் மையம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகங்களில் இதை 'இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் அண்ட் டெக்னாலஜி' என்பார்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் 'இன்ஃபர்மேட்டிக்ஸ்' என்று தேட வேண்டும், அங்கே அது பொறியியல், ஐ.டி. புலத்தின் கீழ் வருகிறது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி இடங்கள் கண்ணில் படாது.

அடுத்தது என்.க்யூ.எஃப். நிலை, அதாவது தேசியத் தகுதிச் சட்டகத்தில் ஒரு படிப்பு நிற்கும் படி. மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் 7. இளங்கலைக்குப் பின் தனியாகப் படிக்கும் ஹானர்ஸும் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோவும் 8. மாஸ்டர்ஸ் 9. இதை வைத்துப் பார்த்தால் வேறு துறைப் பட்டதாரிக்கு நான்கு வழிகள் உண்டு.

போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோ, அதாவது பி.ஜி.டிப், 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் அலகு). முழுநேரமாக ஓராண்டு, பகுதிநேரமாகப் பெரும்பாலும் இரண்டாண்டு. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வாசல். ஆனால் எல்லா பி.ஜி.டிப்பும் ஒன்றல்ல. சில, ஏற்கெனவே ஐ.டி. படித்தவர்களுக்கு மேற்படிப்பு. சில, வேறு துறையிலிருந்து மாறி வருகிறவர்களுக்கென்றே அமைத்தவை, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ். துறை நடத்தும் பி.ஜி.டிப் அந்த வகை. விண்ணப்பிக்கும் முன் சேர்க்கை விதியில் 'எந்தத் துறைப் பட்டமும்' என்று இருக்கிறதா, 'தொடர்புடைய பட்டம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் விண்ணப்பத்தின் கதி இருக்கிறது.

ஹானர்ஸும் 8-ம் நிலைதான், 120 கிரெடிட்தான். ஆனால் அதில் குறைந்தது 30 கிரெடிட் ஆய்வு வேலை கட்டாயம், மூன்றாம் ஆண்டில் ஐ.எஸ்.ஸை முதன்மைப் பாடமாகப் படித்திருக்கவும் வேண்டும். வரலாறோ உயிரியலோ படித்தவர் நேரே இதற்கு விண்ணப்பித்தால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் கணினியே தள்ளிவிடும். மாஸ்டர்ஸ் ஆசை இருப்பதால் ஹானர்ஸ்தான் வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். விதிப்படி பி.ஜி.டிப்பிலிருந்தும் தொடர்புடைய மாஸ்டர்ஸுக்குப் போகலாம். ஆய்வுப் பகுதி போதுமா என்று மட்டும் அந்தத் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. பட்டத்துக்காக அல்லாமல் தனிப் பாடங்களாகப் பதிவு செய்து, ஐ.எஸ். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடங்களை எடுத்து முடித்துவிட்டு ஹானர்ஸுக்குப் போவது. தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் 'நான்-டிகிரி பர்ப்பஸஸ்' என்று கேளுங்கள், வேறு இடங்களில் 'அக்கேஷனல் ஸ்டூடன்ட்' என்பார்கள். பி.காம். படித்தபோது முதலாண்டில் ஒரு ஐ.எஸ். பாடத்தையாவது எடுத்தவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

கடைசி வழி இரண்டாவது இளங்கலைப் பட்டம். பழைய பட்டத்தின் கிரெடிட்டைக் கழிக்கலாம், ஆனால் அதிகபட்சம் பாதிதான். முடித்த பட்டத்தின் கிரெடிட்டில் 50 சதவீதத்துக்கு மேல் புதிய பட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. 'ஏற்கெனவே பட்டம் இருக்கிறதே, ஓராண்டில் முடித்துவிடலாம்' என்ற கணக்கு இதனால்தான் பொய்த்துப்போகிறது. பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் கிரெடிட் குறைந்தாலும் இரண்டரை, மூன்று ஆண்டு ஆகிவிடும். மதிப்பெண் குறைவால் பி.ஜி.டிப் கிடைக்காதவர்கள் தவிர வேறு யாரும் இதை முதலில் தொட வேண்டாம்.

2. டிரான்ஸ்கிரிப்டைத் தேர்வாளர் கண்ணால் படியுங்கள்

பட்டச் சான்றிதழில் பெயரும் தேதியும்தான் இருக்கும். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் பார்ப்பது டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடவாரி மதிப்பெண் பட்டியலை. அதிலும் கடைசி ஆண்டுப் பாடங்களை. 8-ம் நிலைப் படிப்புகளுக்கு இறுதியாண்டுச் சராசரி 60 சதவீதம் என்பது பரவலான எல்லை, சில துறைகள் 65 கேட்கும். முதலாண்டில் ஒரு பாடம் விழுந்து மறுபடி எழுதியிருந்தால் கலங்க வேண்டாம், கடைசி ஆண்டு நன்றாக இருந்தால் அது பெரிதாகப் பேசாது.

ஒரு தாளில் மூன்று பட்டியல் போடுங்கள். ஒன்று, கணினி சம்பந்தப்பட்ட எந்தப் பாடமும். இரண்டு, எண்ணோடு தொடர்புடையவை: புள்ளியியல், கணக்கியல், பொருளாதாரம், ஆராய்ச்சி முறையியல். மூன்று, வேலையில் செய்த அமைப்பு வேலைகள்: சம்பளப் பட்டியலை எக்செல்லிலிருந்து சேஜ் என்ற கணக்கு மென்பொருளுக்கு மாற்றியது, கிளினிக்கில் நோயாளிப் பதிவேட்டைக் கணினிக்கு ஏற்றியது, பள்ளி நிர்வாக மென்பொருளைப் பராமரித்தது. விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்கக் கடிதத்துக்கு இந்த மூன்றாம் பட்டியல்தான் சரக்கு. 'சிறுவயதிலிருந்தே கணினியில் ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்களை அவர்கள் கட்டுக்கட்டாகப் பார்த்திருப்பார்கள். 'இருநூறு பேருடைய விடுப்புக் கணக்கை மூன்று கோப்புகளில் வைத்திருந்தோம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, இப்படிச் சரிசெய்தேன்' என்று தொடங்குங்கள். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மதிப்பெண் எல்லையைத் தொடாவிட்டால், 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற ஆர்.பி.எல். வழியாக வேலை அனுபவத்தைக் காட்டிக் கேட்கலாம். அதற்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம், முன்னதாக முடியும் தனித் தேதி. பொதுத் தேதியை நம்பி இருந்தால் இது கைநழுவும்.

3. காகிதங்கள்: இங்கேதான் பொறுமை வேண்டும்

தேவைப்படுபவை: ஐ.டி. கார்டு அல்லது பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், முழு டிரான்ஸ்கிரிப்ட், மெட்ரிக், அதாவது இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் (முதுநிலைக்கும் சிலர் கேட்பார்கள்), வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறுவதால் நன்னடத்தைச் சான்றிதழ், சி.வி., நோக்கக் கடிதம், பரிந்துரையாளர் இருவரின் பெயரும் மின்னஞ்சலும்.

நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் போதும், கட்டணம் கிடையாது. மூலத்தையும் நகலையும் சேர்த்து எடுத்துப் போங்கள், மூலம் இல்லாமல் நகலின் நகலுக்கு முத்திரை வாங்க முடியாது. வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் பாருங்கள்: முத்திரையில் தேதி தெளிவாகத் தெரிகிறதா, 'மூலத்தின் உண்மை நகல்' என்ற வாசகம் இருக்கிறதா, கையெழுத்தோடு அதிகாரியின் பெயர், பதவி, எண் இருக்கிறதா. மை காய்ந்த முத்திரை ஸ்கேன் செய்தால் வெறும் நீலக் கறையாகத்தான் வரும், அதை நிராகரிப்பார்கள். இன்னொரு முறை குத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். சான்றொப்பம் பழசாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஜனவரியில் வாங்கிவைத்து செப்டம்பரில் அனுப்பாதீர்கள்.

ஸ்மார்ட் ஐ.டி. கார்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே தாளில் வரட்டும். டிரான்ஸ்கிரிப்டின் பின்புறம் மதிப்பெண் அளவுகோல் அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். வெற்று விளக்கம் என்று நினைத்து விட்டுவிடுவது வழக்கம், பிறகு அதைத்தான் கேட்டு எழுதுவார்கள். நிறத்தில், பி.டி.எஃப்.பாக, ஒவ்வொரு ஆவணமும் தனிக் கோப்பாக. 2 எம்.பி.க்கு மேல் ஏற்காத தளங்கள் உண்டு, கோப்பைச் சுருக்கியபின் முத்திரை இன்னும் படிக்க முடிகிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

பழைய பல்கலைக்கழகத்தில் கட்டண பாக்கி இருக்கிறதா? இருந்தால் பட்டச் சான்றிதழையோ டிரான்ஸ்கிரிப்டையோ நிறுத்திவைத்திருக்க வாய்ப்பு உண்டு. பாக்கியைத் தவணையில் கட்ட ஒப்பந்தம் போட்டு, அந்தக் கடிதத்தின் பேரில் டிரான்ஸ்கிரிப்டை விடுவிக்க முடியுமா என்று நிதிப் பிரிவில் கேளுங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கென்றே வரும் தலைவலி. தமிழ்நாட்டுச் சான்றிதழில் 'இனிஷியல்' முன்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும். இங்குள்ள படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும், இனிஷியலுக்கு இடம் கிடையாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டும் நிரப்புங்கள். சான்றிதழில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் எழுதி இணைத்துவிடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள் திருமணச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவுபெற்ற திருமண அதிகாரி இல்லாமல் நடந்த கல்யாணம் உள்துறையான ஹோம் அஃபேர்ஸ் பதிவில் இருக்காது. அப்படியானால் உங்கள் ஐ.டி. கார்டில் பழைய பெயரே இருக்கும், விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள்.

4. பட்டம் வெளிநாட்டுடையது என்றால் சாக்வா

இந்தியா, இலங்கை, மொரிஷியஸ், எங்கே வாங்கிய பட்டமானாலும் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வாவிடம் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். விண்ணப்பம் இணையத்தில்தான். பாஸ்போர்ட், இறுதிப் பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், கட்டணம். கட்டிய பணம் திரும்பாது.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. ப்ரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகப் பட்டமளிப்புச் சான்றிதழை வாங்காமலே இருப்பவர்கள் நம்மில் நிறைய. முதல் வேலையாக ஊரில் உள்ள யாரையாவது அனுப்பி, அதிகாரக் கடிதம் கொடுத்து, அதை வாங்கச் சொல்லுங்கள். கல்லூரி கொடுத்த மதிப்பெண் பட்டியல் வேறு, பல்கலைக்கழகம் கொடுப்பது வேறு. தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களிடம் இரண்டும் கலந்திருக்கும், இரண்டையும் கொடுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத பக்கங்களுக்கு உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரின் பெயர்ப்பு வேண்டும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து அச்சிட்ட சான்றிதழுக்குத் தேவைப்படாது.

காலதாமதம் சாக்வாவின் மேசையில் மட்டும் நடப்பதில்லை. பட்டம் உண்மைதானா என்று அவர்கள் உங்கள் பழைய பல்கலைக்கழகத்துக்கு எழுதுவார்கள், அங்கிருந்து பதில் வந்தால்தான் கோப்பு நகரும். அங்கே தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் ஒருவரைப் பிடித்து, கடிதம் வந்ததா, பதில் போனதா என்று கேட்டுக்கொண்டே இருக்க உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். நான்கைந்து மாதம் ஒதுக்கிவைப்பது நல்லது. இடையில் பல்கலைக்கழக விண்ணப்பத் தேதி வந்துவிட்டால், சாக்வா விண்ணப்ப ரசீதை இணைத்து அனுப்பி, சான்றிதழ் பின்னால் வரும் என்று எழுதலாமா எனக் கேளுங்கள்.

விசாவையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். துணைவர் விசாவில் வந்தவர்களுக்குப் படிக்க அனுமதி அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் விசா விண்ணப்ப மையமான வி.எஃப்.எஸ். வழியாக மாற்றக் கேட்க வேண்டும். படிப்பு விசாவுக்கு தென்னாப்பிரிக்காவில் பதிவுபெற்ற மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) கட்டாயம், வெறும் பயணக் காப்பீடு போதாது.

5. சேரும் இடம் உண்மையானதா

செய்தித்தாளிலும் வாட்ஸாப்பிலும் வரும் 'ஆறு மாதத்தில் ஐ.டி. டிப்ளமோ' விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தனியார் கல்லூரியானால் உயர்கல்வித் துறையில் பதிவு எண் என்ன? படிப்புக்கு உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் உண்டா? படிப்பின் சாக்வா ஐ.டி. எண் என்ன? அந்த எண்ணை சாக்வா தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். படிப்பின் பெயர், நிலை, கிரெடிட், எந்தத் தேதி வரை சேரலாம் என்பது எல்லாம் வரும். பழைய சீட்டா (துறைவாரித் தொழிற்பயிற்சி அமைப்பு) சான்றிதழ் படிப்புகள் பலவற்றில் புதிதாகச் சேர்வதற்கான கடைசி நாள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அதை இன்னும் விற்றால் விலகிவிடுங்கள்.

குறுகிய கால கோர்ஸ்கள் கற்றுக்கொள்ள நல்லவைதான், பிரச்சினை அவற்றைப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லி விற்பதில்தான். சி.வி.யிலும் அப்படி எழுதிவிடாதீர்கள். கல்வித் தகுதியைப் பொய்யாகக் காட்டுவதற்கு 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஐந்தாண்டு வரை சிறை வைக்கிறது.

6. ஆண்டுக் கணக்கு

இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அதற்குப் பத்து மாதம் முன்பே வேலை தொடங்க வேண்டும்.

ஏப்ரல், மே: டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்றிதழ், சாக்வா. துறைச் செயலருக்கு மின்னஞ்சல்: 'என்னிடம் இன்ன பட்டம், இன்ன சராசரி இருக்கிறது. எந்தப் படிப்புக்குத் தகுதி?' பதிலைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் கவுன்டரில் வேறு விதமாகச் சொன்னால் அது உதவும்.

ஜூலை முதல் செப்டம்பர்: விண்ணப்பம். முதுநிலைக்குப் பல இடங்களில் அக்டோபர் வரை வாசல் திறந்திருக்கும், ஆனால் இடங்கள் வந்த வரிசையில் நிரம்புவதும் உண்டு. புரட்டாசி விரதம் தொடங்கும்போது விண்ணப்பம் போயிருக்கட்டும் என்று வைத்துக்கொண்டால் எந்தத் தேதியும் தவறாது. கேப் டவுன், விட்ஸ் (ஜோகன்னஸ்பர்க்), யூனிசா மூன்றுக்கும் நேரே அவரவர் தளத்தில். குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் இளங்கலைக்கு சி.ஏ.ஓ. என்ற பொது அலுவலகம் வழியாக. அங்கே ஆறு விருப்பம் வரை தரலாம். ஒவ்வொரு படிப்புக்கும் குறியீடு உண்டு, அதன் நடுவில் உள்ள எழுத்து வளாகத்தைக் குறிக்கும்: டபிள்யூ என்றால் வெஸ்ட்வில், பி என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். எழுத்து மாறினால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குத் தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டியிருக்கும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை: மின்னஞ்சலை, ஸ்பாம் பெட்டி உட்பட, வாரம் இருமுறை பாருங்கள். இடம் கிடைத்தது என்ற செய்தி வந்தால் வேலை முடியவில்லை. குறித்த நாளுக்குள் 'ஏற்கிறேன்' என்று தளத்தில் அழுத்த வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். ஏற்றுக்கொண்டபின் பதிவு செய்வது இன்னொரு படி, அதற்குத் தனித் தேதி, தனிப் பணம். விண்ணப்பம், ஏற்பு, பதிவு என்ற மூன்றையும் ஒன்றென்று நினைத்துக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை அலுவலகங்கள் மூடியிருக்கும். டிசம்பர் 10-க்குப் பின் எழும் எந்தச் சிக்கலும் ஜனவரியில்தான் தீரும், அப்போது தைப்பூசக் காவடி வேலையும் பதிவு வாரமும் சேர்ந்து வரலாம்.

7. பணம்

கட்டணப் பட்டியலில் படிப்பின் தொகையை மட்டும் பார்த்துத் திட்டமிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணம், பதிவின்போது முதல் தவணை (இதைக் கட்டாவிட்டால் பதிவு தற்காலிகமாகவே நிற்கும்), புத்தகம், மடிக்கணினி, போக்குவரத்து என்று தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்காகலாம். மொரிஷியஸ் போன்ற சாடெக் (தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்குப் பெரும்பாலும் உள்ளூர்க் கட்டணத்தை ஒட்டி இருக்கும். நிரந்தர வதிவுரிமை பெற்றவர் அந்தச் சான்றின் நகலைப் பதிவின்போதே காட்டிவிட வேண்டும், காட்டாவிட்டால் கணினி உங்களை வெளிநாட்டவர் கணக்கில் போட்டுவிடும்.

அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவி முதல் இளங்கலைத் தகுதிக்குத்தான். பட்டம் பெற்றவர் இரண்டாவது பட்டத்துக்கோ பி.ஜி.டிப்புக்கோ அதை எதிர்பார்க்க முடியாது, அங்கே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் நாள்தான் வீண். தேசிய ஆய்வு நிறுவனமான என்.ஆர்.எஃப். ஹானர்ஸிலிருந்து மேலே உதவுகிறது. ஹானர்ஸுக்கு வயது வரம்பு 28, முழுநேரமாகப் படிக்க வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்கு மிக நல்ல வழி முதலாளிதான். ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ரேண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அதில் ஒரு சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன, ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் அதில் ஒரு பகுதி சீட்டா வழியாகத் திரும்பி வரும். ஆகவே மனிதவளப் பிரிவுக்குப் போகும்போது கையேந்திக்கொண்டு போக வேண்டாம். படிப்பின் பெயர், சாக்வா ஐ.டி., கட்டணம், உங்கள் வேலைக்கு அது எப்படிப் பயன்படும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனையைக் கவனியுங்கள். படிப்பு முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால்தான் அந்த உதவித்தொகைக்கு உங்கள் பெயரில் வருமான வரி வராது, ஆகவே அந்த நிபந்தனையைக் கண்டு பயப்படாதீர்கள். படித்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்பதுதான் பேரம் பேச வேண்டிய நிபந்தனை. சொந்தப் பணத்தில் படிக்கும் சம்பளக்காரருக்கு வரிக்கழிவு கிடையாது.

வங்கிக் கடன் எடுத்தால், படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும், அசல் பிறகு. வருமானம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அப்பாவோ மாமாவோ கையெழுத்துப் போடும் முன், நீங்கள் கட்டத் தவறினால் அவர் கட்ட வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

8. நேரமும் கருவியும்

ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. 120 கிரெடிட் என்றால் 1,200 மணி. நாற்பது வாரத்தில் முடிக்க வாரம் 30 மணி நேரம். முழுநேர வேலையோடு இது முடியாத காரியம். இரண்டாண்டாகப் பிரித்தால் வாரம் 15 மணி: இரண்டு மாலையும் ஞாயிறு முழுவதும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் குறைந்தபட்சம், 16 இருந்தால் தரவுத்தளமும் மெய்நிகர் கணினியும் ஒன்றாக ஓடும். எஸ்.எஸ்.டி. 512 ஜிபி. மேக் வாங்கும் எண்ணம் இருந்தால் பாடத்திட்டத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், தரவைப் படமாகக் காட்டும் பவர் பி.ஐ. டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மின்வெட்டுக்கு ரவுட்டருக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். போதும். வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளில் கைப்பேசி செயலி வழியாகக் கண்காணிப்பு நடக்கும். செயலியை அன்று காலையில் இறக்காதீர்கள், முந்தைய வாரமே நிறுவி மாதிரித் தேர்வில் ஓட்டிப் பாருங்கள்.

9. வகுப்புக்கு முன் மூன்று மாதம்: ஒரு சந்தாப் பேரேடு

நவம்பர் முதல் ஜனவரி வரை தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கொஞ்சம், புரோகிராமிங் மொழியான பைத்தான் கொஞ்சம் பழகுங்கள். இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். வீடியோ பார்ப்பதைவிட ஒரு உண்மையான கணக்கை எடுத்துச் செய்வது பத்து மடங்கு பலன் தரும். உங்கள் கோயில் சங்கத்தின் சந்தாப் பேரேடு அதற்கு மிகப் பொருத்தம்.

வழக்கமாக அது ஒரே எக்செல் தாளாக இருக்கும்: பெயர், தொலைபேசி, முகவரி, ஜனவரி, பிப்ரவரி என்று பன்னிரண்டு பத்தி, கடைசியில் 'அன்னதானத்துக்கு 500' என்று ஒரு குறிப்பு. திரு. பிள்ளை ஒரு வரியில் ஆங்கில ஐ எழுத்தோடு முடிகிறார், இன்னொரு வரியில் ஒய் எழுத்தோடு. ஆக இரண்டு உறுப்பினர். அவர் வீடு மாறினால் ஒரு வரியில் புது முகவரி, மற்றதில் பழையது. அடுத்த ஆண்டுக்கு இன்னொரு தாள் திறக்க வேண்டும், இரண்டையும் கூட்டிப் பார்க்க வழியில்லை.

இதை எஸ்.க்யூ.லைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளில் மூன்று அட்டவணையாகப் பிரியுங்கள். உறுப்பினர்: எண், பெயர், தொலைபேசி, முகவரி. வரவு வகை: எண், பெயர் (சந்தா, அன்னதானம், காவடி, கட்டட நிதி). ரசீது: எண், உறுப்பினர் எண், வகை எண், தேதி, தொகை. இனி முகவரி ஒரே இடத்தில் மட்டும் இருக்கும், மாதங்கள் பத்தியாக அல்லாமல் தேதியாக மாறிவிடும். 'இந்த ஆண்டு சந்தா கட்டாதவர் யார்?' என்ற கேள்வியை எழுதிப் பாருங்கள். ரசீது அட்டவணையில் தேடினால் கட்டாதவர் கிடைக்கவே மாட்டார், ஏனென்றால் அவருக்கு ரசீதே இல்லை. உறுப்பினர் பக்கமிருந்து, ரசீது இல்லாதவரையும் விடாமல் சேர்க்கும் 'லெஃப்ட் ஜாயின்' போட்டால் வருவார். ஆண்டையும் வகையையும் வைக்கும் நிபந்தனையை, விடையை வடிகட்டும் 'வேர்' பகுதியில் போட்டால் அவர் மறுபடி மறைந்துபோவார், அட்டவணைகளை இணைக்கும் 'ஆன்' பகுதியில் போட வேண்டும். முதல் பருவத் தரவுத்தளப் பாடத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

சங்கச் செயலரிடம் அனுமதி வாங்கி, பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமான போபியா 2021 ஜூலை முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது, கோயில் சங்கத்துக்கும் அது பொருந்தும்.

10. சேர்ந்த பிறகு முதல் பருவம்

'டி.பி.' (தேர்வெழுதும் தகுதி) என்ற இரண்டெழுத்தைப் பாட வழிகாட்டியில் தேடுங்கள். டியூட்டோரியல் வருகை, ஒப்படைப்பு, பருவ மதிப்பெண் ஆகியவற்றின் குறைந்தபட்சத்தைத் தொடாதவருக்கு டி.பி. மறுக்கப்படும், பிறகு தேர்வெழுதவே விடமாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள்: 'தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இரண்டு ஒப்படைப்பை விட்டுவிடுவார்கள். ஐ.எஸ்.ஸில் குழு வேலையும் நிறைய. முதல் வாரமே உங்கள் வேலை நேரத்தைக் குழுவிடம் சொல்லி, தனியாகச் செய்து முடிக்கக்கூடிய ஒரு பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தில் வரவும் கூடும். தற்காலிகத் தேர்வு அட்டவணை வெளியான உடனே எழுத்தில் கேட்டால்தான் தேதி மாற்ற வாய்ப்பு. இறுதி அட்டவணை வந்தபின் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

ஒரு பாடத்தைத் தொடர முடியவில்லை என்றால் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். நின்றுவிடுவது விலகுவதாகாது. முறைப்படி அந்தப் பாடத்தின் பதிவை ரத்துசெய்ய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தேதி உண்டு, அதற்குள் செய்தால் கட்டணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். தாண்டினால் முழுக் கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறும், டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடம் தோல்வியாகவே பதிவாகும். பதிவு செய்த அன்றே அந்தத் தேதியைக் கைப்பேசியில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள்.